ஆபீஸ் சொல்லிச்சு

ஆகுபெயர் நடத்துவது எனக்கு எப்போதும் சுலபம். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'ஊர் சிரித்தது' என்று போர்டில் எழுதி, ஊருக்குப் பல் இருக்கிறதா என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊரில் இருக்கும் ஆட்கள் சிரித்தார்கள், ஆட்களைச் சொல்லாமல் இடத்தைச் சொன்னோம், அதுதான் ஆகுபெயர் என்று முடித்துவிடுவேன். ஆட்களை ஏன் சொல்லவில்லை என்று இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டில் வேலை. லாரியில் வந்து இறங்கும் தகடுகளுக்கு இரும்புக் கயிறு சுற்றி, கிரேன் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். அந்த யார்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. கிரேன் ஓட்டுபவர் 'கிரேன்', லாரி ஓட்டுபவர் 'ட்ரெய்லர்', இவர் 'கொக்கி'. "கொக்கி துன்னப் போய்கீது, ட்ரெய்லர் தூங்கினுகீது" என்று பேசிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். பாடத்துக்கு உதாரணம் கிடைத்துவிட்டதே!

போன மழைக்காலத்தில் அந்த இரும்புக் கயிற்றில் இழை பிரிந்திருந்தது. மாற்றாமல் தூக்கக் கூடாது என்று இவர் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "தூக்கு" என்றிருக்கிறார். பாதி உயரத்தில் கயிறு அறுந்தது. தகடு இவர் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போன கால் திரும்பாது, அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தூக்கச் சொன்ன ஆள் இவர் முகத்தைப் பார்த்து, 'நான்தான் சொன்னேன்' என்று சொல்ல வேண்டும். கயிறு பிரிந்திருப்பது தெரிந்தும் யாரோ ஒரு மனுஷனுடைய வாய்தானே அதைச் சொல்லியிருக்கிறது?

சூப்பர்வைசரின் வீடு ராயபுரத்தில். தேடிப் போனேன். வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"நா இன்னா பண்றது தங்கச்சி? கயிறு பிஞ்சிகீதுன்னு உள்ள போய்ச் சொன்னேன். பரவால்ல, தூக்குன்னு ஆபீஸ் சொல்லிச்சு."

"ஆபீஸ்ல யாரு?"

"ஆபீஸ்தாம்மா."

மறுநாள் ஆபீசுக்கே போனேன். அங்கிருந்த மேனேஜர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "யார்டுல நடக்கறது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? எதுவா இருந்தாலும் கம்பெனிதான் முடிவு பண்ணும்" என்றார். கம்பெனி யார் என்றேன். மேலிடம் என்றார். மேலிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு விரலை மேலே காட்டினார். அங்கே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, வாசலில் மாட்டியிருந்த கம்பெனி போர்டைப் பார்த்தேன். பேச்சுக்கு அழகு என்று நான் வருஷா வருஷம் நடத்திய ஒன்று, இவர்கள் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கிறது. கட்டடம் பேசுகிறது, போர்டு பேசுகிறது, மனுஷர்கள் மட்டும் பேசுவதில்லை.

புண் ஆறிய பிறகு யார்டிலேயே ஒரு விசாரணை வைத்தார்கள். ஆட்டோவில் இவரை ஏற்றிக்கொண்டு போனேன். சூப்பர்வைசரும் மேனேஜரும் இருந்தார்கள். கம்பெனி அனுப்பியதாகச் சொன்ன ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் முடிவைச் சொன்னார். யார்டு எல்லா விதிகளையும் கடைப்பிடித்திருக்கிறது. ஆபீஸ் எந்த உத்தரவும் போடவில்லை. நடந்ததற்குக் கம்பெனி வருந்துகிறது. பிறகு தவறு யாருடையது என்பதற்கு வந்தார். இவர் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, முழுப் பெயரும், ஓர் எழுத்துப் பிசகாமல். இன்னாருடைய கவனக்குறைவு என்றார்.

நான் எழுந்து கத்தினேன். "தூக்கச் சொன்ன ஆளுக்கும் ஒரு பேர் இருக்குமே, அதையும் சொல்லுங்க!" சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். மேனேஜர் போனைப் பார்த்தார். இவர்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

திரும்பும் வழியில் கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. ஆட்டோ நகரவே இல்லை. எனக்கு அழுகை நிற்கவில்லை. இவர் வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அவனுங்களுக்கு எம்பேரு தெரிஞ்சிகீதுமே. இத்தினி வருசமா தெரியாதுன்னுல்ல நென்ச்சிகினு இருந்தேன்."