வீட்டில் ஆள் இல்லை

கடையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பொறுமை என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடி முழுக்க டிவியும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற பெரிய கடை அது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏசிக் காற்று, நுழைந்ததுமே பல்லெல்லாம் தெரிய ஓடிவருகிற விற்பனைக்காரர்கள். வாங்கின சாமான் பழுதாகிவிட்டது, எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பல்லெல்லாம் உள்ளே போய்விடும். படிக்கட்டுக்குப் பின்னால், கழிப்பறையைத் தாண்டி, குடோனுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது. அதுதான் பொறுமையின் சர்வீஸ் கவுண்டர். கோபமாக வருகிறவர்கள், வாங்க வருகிறவர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டினவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

யாரோ செய்த தப்புக்கு நாள் முழுவதும் மன்னிப்புக் கேட்பது அவள் உத்தியோகம். மெக்கானிக் வரவில்லை என்றாலும் அவள்தான், வந்தவன் இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனான் என்றாலும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுக்க வந்தவர், வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்காதே, நெற்றியைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, உனக்கும் அழுகை வராது என்றார். கூடவே ஒரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தார். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிறுவனத்தின் சார்பில் வருந்துகிறோம்." அதைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கே தேய்ந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று புருஷன் சொன்னால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பாள். அந்த மனுஷன் கொஞ்ச நாள் சிரித்தார். பிறகு அவரே உப்பைப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஆனால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நிற்க முடியாமல் யாராவது வந்தால் தன் நாற்காலியைத் தூக்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, மீதி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். திட்டுகிறவர் திட்டி முடித்துத் தொண்டை காய்ந்து நிற்கும்போது தண்ணீர் நீட்டுவாள். முக்கால்வாசிப் பேர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வேலை நடக்காமலேயே அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு ஒரே அக்கா. வீடு ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். அம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் இவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான். பள்ளிக்கூடச் சட்டை காலையில் காயாமல் கிடந்தால், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியால் தேய்த்துக் காயவைத்து மாட்டிவிடுவாள். மூக்குக்கு மேலே கோபம் வருகிற பிறவி. வந்த கோபம் லேசில் போகவும் போகாது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அக்கா புருஷன் பக்கவாதத்தில் படுத்துச் சில வருஷமாகிறது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பாரம் ஏற்றின லாரியை மேட்டில் ஏற்றுகிற மாதிரிதான் கொண்டுவர வேண்டும். எல்லாமே படுக்கையில்தான். தினமும் படுக்கை விரிப்பு துவைத்தாக வேண்டும், சில நாள் மூன்று நாலுகூட ஆகும். அக்காவுக்கோ, குளியலறையில் வழுக்கி விழுந்து ஒடிந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. நனைந்த விரிப்பைப் பிழிந்தால் வலி தோள்வரை ஏறும்.

"ஒரு மெஷின் வாங்கிடுக்கா," என்று இவள்தான் சொன்னாள். "எங்க கடையிலேயே வாங்கு. ஏதாவது ஒண்ணுன்னா நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு பேச்சை நம்பி அக்கா வாங்கினாள். வந்து ஒரு மாசம்கூட ஒழுங்காக ஓடவில்லை, மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. விரிப்பெல்லாம் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. பொறுமையே தன் கையால் புகாரைப் பதிந்தாள். கடையைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பார்கள், கம்பெனியைக் கேட்டால் கடையைக் கேள் என்பார்கள். அந்தப் பந்தாட்டமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் இரண்டு பக்கமும் சொல்லி, மெக்கானிக் வருகிற நாளையும் வாங்கிக் கொடுத்தாள். அந்த நாளில் யாரும் வரவில்லை. அக்காவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. வீட்டில் ஆள் இல்லாததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. மறுபடி பதிந்தாள். மறுபடியும் அதே செய்தி வந்தது.

அக்கா கிளம்பி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கெஞ்சிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, எல்லோரையும் போல டோக்கன் எடுத்து, தன் முறை வரும்வரை நின்றாள். தங்கச்சிதானே என்று முந்திக்கொண்டு வரவில்லை.

சாக்குச் சொல்வதென்றால் எவ்வளவோ சொல்லலாம். அன்றைக்குக் காலையிலிருந்து கவுண்டரில் ஒரே கூட்டம். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் வேறு நின்றுகொண்டிருந்தார். பொறுமை திரையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் கவுண்டர் மேல் ஒரு போன் வந்து விழுந்தது.

"படிச்சுப் பாரு. வீட்டுல ஆள் இல்லையாம். வருஷக்கணக்கா கட்டிலை விட்டு எந்திரிக்காத மனுஷன் அந்த வீட்டுல இருக்காரு. அவரு ஆள் இல்லையா? அவரு பக்கத்துலயே கெடக்குறேனே, நான் ஆள் இல்லையா?"

பொறுமையின் வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிறுவனத்தின் சார்பில் வருந்துகிறோம், மேடம்."

அதையும் அக்காவின் நெற்றியைப் பார்த்தே சொன்னாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அக்கா கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க. நான் கெளம்புறேங்க," என்றாள். பிறந்ததிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்ட வாயிலிருந்து வந்த அந்த மரியாதையைப் பொறுமையால் தாங்க முடியவில்லை. எழுந்து பின்னாலேயே ஓடுவதற்குள் அடுத்த டோக்கன்காரர் வழுக்கைத் தலையை நீட்டி, தன் மிக்சியின் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. பொறுமை தன் புருஷன் நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், அதையும் எடுக்கவில்லை. சரி, மெஷினையாவது சரிபண்ணிக் கொடுத்துவிட்டுக் காலில் விழுவோம் என்று, சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு சாதாரண வாடிக்கையாளராகக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து என்றது, இரண்டை அழுத்து என்றது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. டிபன் பாக்ஸ் காலியாகும் நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது. இவள் முழுக்கதையையும் சொன்னாள். அந்தக் குரல் மூச்சை இழுத்துக்கொண்டு, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று தொடங்கியது.

"அம்மா தாயே, அதை மட்டும் சொல்லாதம்மா," என்றாள் பொறுமை. "நானும் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குறேன்."

ரொம்பச் சின்னக் குரலில், "மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது," என்றாள் அந்தப் பெண். பாவம், அவளும் என்ன செய்வாள். பொறுமைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை பேரை இப்படி நிற்கவைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வாராந்திர விடுமுறை நாள் வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். பின்பக்கம், தண்ணீர்க் குழாயடியில், அக்கா ஒரு கையால் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைக் கம்பியில் சுற்றிவிட்டு மறுமுனையை முறுக்கினாள். பாதித் தண்ணீர் துணியிலேயே நின்றது. பழுதான மெஷின் மூலையில் புத்தம் புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியிலிருந்த முனையை எடுத்துப் பிடித்தாள். விரிப்புப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி வலப்பக்கம் முறுக்கினால் மற்றவள் இடப்பக்கம் முறுக்க வேண்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் முறுக்கினாள். தண்ணீர் இருவரின் காலிலும் கொட்டியது.

துணியைக் காயப்போட்டு முடித்ததும் அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வந்தவங்களுக்குக் குடிக்க என்ன வேணும்னு கேளுங்க."

கட்டிலில் இருந்தவர் பின்கதவு வழியாக இவளைப் பார்த்தார். பாதி வாயால் சிரித்தார். "என்ன... வேணுமாம்?"

"எதுவா இருந்தாலும் சரி மாமா."

"எதுவா... இருந்தாலும்..." என்று அவர் மேட்டில் ஏறத் தொடங்கினார்.

"காதுல விழுந்துச்சு," என்றாள் அக்கா.

இப்படியே வாராவாரம் நடந்தது. பொறுமை போவாள், பிழிவாள், காயப்போடுவாள், மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை கொடுப்பாள். அக்கா தங்கச்சிப் பேச்சு முழுவதும் அவர் வழியாகவே போய்வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசினதில்லை. ஆனால் பிழியும்போது அக்கா உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பொறுமை பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தான் வராத நாட்களில் அந்தக் கை என்ன பாடுபடும் என்று யோசித்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில், அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், கடையின் முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். பின்பக்கம் புகார் சொன்னால் டோக்கன்தான் கிடைக்கும், முன்பக்கம் சொன்னால் நாற்காலி கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாமல் அந்த ரகசியத்தைக் காப்பாற்றி வந்தவளே அவள்தான். வாஷிங் மெஷின் வரிசையில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, அக்கா வாங்கின அதே மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்குங்க, நல்ல மெஷின்," என்றாள் பொறுமை, மேல்மாடிவரை கேட்கிற குரலில். "தண்ணி உள்ள போகும், வெளிய வராது. புகார் குடுத்தா வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதிடுவாங்க. ஆனா மேல மூடி ரொம்ப அழகா இருக்கும்."

பொறுமைக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று கடையில் யாருக்கும் தெரியாது. மேனேஜர் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடிவந்தார்.

"என்னம்மா இது? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"இன்னைக்கு எனக்கு லீவு சார். நான் கஸ்டமர்."

மேனேஜர் அந்த ஜோடியைப் பார்த்தார், வாசலில் நுழைகிறவர்களைப் பார்த்தார், பிறகு இவளுக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். வேலைக்கு ஆபத்து வந்தால் வரட்டும் என்று அவளும் உட்கார்ந்தாள். மறுநாளே அக்கா வீட்டுக்குப் புது மெஷின் போயிற்று. பொறுமைக்கு மூடிய அறைக்குள் நல்ல டோஸ் விழுந்தது. அதை அவள் மேனேஜரின் நெற்றியைப் பார்த்தபடி கேட்டு முடித்தாள்.

புது மெஷின் போன வீட்டுக்கு, அடுத்த நாள் கவுண்டரிலிருந்து போன் செய்து விசாரிக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். கடை நம்பர் என்பதால் அக்கா எடுத்துவிட்டாள். பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி எதிரில் எழுதி ஒட்டியிருந்தது. பொறுமை அதைப் படிக்கவில்லை.

"அக்கா, மெஷின் ஓடுதாக்கா?"

"ஓடல," என்றாள் அக்கா.

"என்னக்கா ஆச்சு? தண்ணி நிக்குதா?"

"எனக்கென்ன தெரியும். வந்து பாரு." போன் வைக்கப்பட்டுவிட்டது.

பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ்ஸிலும் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. இதுவும் போச்சா, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலை மிதிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. பின்பக்கம் மெஷின் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே கொட்டியது. பொறுமை அதையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே ஓடுது?"

"காலைலேர்ந்து... ஓடுது," என்றார் கட்டிலில் இருந்தவர். "தொவச்சதையே... தொவைக்கிறா."

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று அவரை அதட்டிவிட்டு அக்கா இவள் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. "ஓடுதுன்னு சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்ப? சரின்னு போனை வெச்சிருப்ப. மெஷின்தான் வந்துருச்சே, இனிமே இங்க என்ன வேலைன்னு உன் பாட்டுக்கு இருந்துடுவ. எனக்கு வாரத்துல ஒரு நாள் ஆள் வந்து பழகிப்போச்சு."

"அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்க்கா," என்றாள் பொறுமை. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"பண்ணினதான்," என்றாள் அக்கா. "எனக்குக் கோபம் இன்னும் போகல. லேசுல போகவும் போகாது. போற வரைக்கும் வாராவாரம் வந்து நில்லு."