வீட்டோடு வந்தவள்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அம்மாவோடு கடைவீதிக்குப் போய், அவர் பேசும் பேரத்தைக் கேட்டு வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றிருப்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன். அதனால் அவருடைய பேரத்தைப் பற்றியே எழுதுகிறேன். எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

அம்மா பிறந்தது அன்னூருக்குக் கிழக்கே, மழையை நம்பிய ஒரு மேட்டுக்காட்டில். பதினாறு வயதில் மில் தொழிலாளியான அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கோவைக்கு வந்தார். அக்காவும் நானும் பிறந்தது ஒற்றை அறை லைன் வீட்டில். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய். வீட்டுக்காரர்களுக்குத் தோன்றியபோதெல்லாம் காலி செய்யச் சொல்வார்கள். மூன்று முறை சட்டி பானையோடு தெருவில் நின்றோம். மூன்றாம் முறை நல்ல மழை. நனைந்த பாயைப் பிழிந்துகொண்டே, யாரும் யாரையும் போகச் சொல்லாத ஒரு வீடு வாங்காமல் கண்ணை மூட மாட்டேன் என்றார் அம்மா.

ஐம்பதுகளின் நடுவில் அந்த வீடு கிடைத்தது. ஓட்டு வீடு, பின்னால் கிணறு, பின்கட்டில் ஓர் இருட்டறை. விற்பவர் கணவரை இழந்த ஓர் அம்மாள். அவருடைய மகன் வால்பாறை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார். மகனோடு போய் இருக்கப் போவதாகத் தரகர் சொன்னார். விலையில் சல்லிக்காசு குறையாது என்றும் சொன்னார். அம்மாவிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

முத்திரைத்தாள் செலவில் பாதியை அம்மா அந்த அம்மாளின் தலையில் கட்டினார். பத்திரம் எழுதுபவரின் கூலியையும் அவர் தலையிலேயே கட்டினார். விலை மட்டும் அசையவில்லை. உடனே அம்மா வேறு பக்கம் திரும்பினார்.

“அப்பச் சரிங்க. ஆட்டுக்கல்லு, கெணத்துக் கவுறு, பரண்மேல கெடக்கற சாமான், பின்கட்டுல இருக்கற பொட்டி, ஊட்டுக்குள்ள என்னென்ன இருக்குதோ அத்தனையும் ஊட்டோட எங்களுக்குங்க.”

அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். “அத்தனையுமுங்களா?”

“அத்தனையுந்தானுங்க.”

“நெசமாலுமேங்களா அம்மணி? யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? ஒண்ணு உடாம எல்லாமுங்க.”

“அப்படீன்னா வெலையில நானே கொறச்சுக்கறனுங்க” என்றார் அந்த அம்மாள். குறைத்த தொகையைக் கேட்டுத் தரகர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அம்மாவின் முகத்தில் வெற்றிக் களை. எனக்குப் பத்து வயது. எனக்குக்கூட அது சரியாகப் படவில்லை.

பத்திர ஆபீசில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மாள் தன் பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சுப் பலகையைப் பார்த்துச் சொன்னார்: “அழுவாத கண்ணு. நல்லவங்களாத்தான் தெரியுது.”

விஷயம் பால் காய்ச்சிய பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு மகள் இருந்தாளாம். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் பின்கட்டு அறையில் போய்விட்டாள். அவளுடைய பாவாடை சட்டையைப் பெட்டியில் வைத்து, வீட்டுச்சாமியாக விளக்கேற்றிக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். வால்பாறை மருமகள் அந்தப் பெட்டி வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்து வீட்டார் இதைச் சொன்னபோது அப்பா அப்போதே வீட்டை விற்றுவிடலாம் என்றார்.

“நாந்தான கேட்டு வாங்குனேன்?” என்றார் அம்மா. “கேட்டு வாங்கிப்போட்டு ஒரு பொட்டப்புள்ளயத் தெருவுல நிறுத்தறதுங்களா?”

பெட்டிக்குள் துணியோடு ஐந்து கூழாங்கற்களும் இருந்தன. மதியம் இரண்டு மணிக்கு, தெருவே தூங்கும் நேரத்தில், பின்கட்டில் அஞ்சாங்கல் ஆடும் சத்தம் கேட்கும். ஒரு கல் மேலே போகும் நேரம் அமைதி. பிறகு நான்கு கல்லை வாரும் சத்தம். அக்காதான் முதலில் கேட்டாள். அப்பா எலி என்றார். “எலி என்னைக்குங்க அஞ்சாங்கல் ஆடுச்சு?” என்று கேட்டார் அம்மா. நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அம்மா மட்டும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கதவோரம் வைத்துவிட்டு வருவார். பொங்கலுக்கு எங்களுக்கு எடுக்கும்போது அவளுக்கும் பாவாடைத் துணி எடுத்தார். வருடா வருடம் நீளத்தைக் கூட்டித் தைத்துப் பெட்டியில் வைத்தார். செத்த பிள்ளை வளருமா என்று அப்பா கேட்டார். பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் பழையது குட்டையாகத்தான் தெரிகிறது என்றார் அம்மா. விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீடு வீடாக ஆள் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். எழுதி முடித்துப் படித்துக் காட்டும்போது மகள்கள் மூன்று என்றார்.

“ரெண்டுதானுங்களே சார்” என்றாள் அக்கா.

“அப்பப் பின்கட்டுக் கதவுகிட்ட நிக்கற பாப்பா யாருங்க?”

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கதவு மட்டும்தான் இருந்தது. “ஒறம்பரைப் புள்ளைங்க சார்” என்று, விருந்துக்கு வந்த சொந்தக்காரக் குழந்தையைச் சொல்வதுபோல அம்மா சாதாரணமாகச் சொல்லி, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

அதற்கு அடுத்த வருடம் அந்த அம்மாள் வால்பாறையிலிருந்து வந்து நின்றார். பேத்தி பிறந்த பிறகு மருமகள் மனம் இறங்கிவிட்டதாம். பெட்டியைக் கொடுத்தால், விலையில் அன்று குறைத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டேன், மேலும் தருகிறேன் என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அம்மா ஒரு பேரத்தில் தொகை பேசவில்லை. “எனக்குக் காசு வேண்டாமுங்க. ஆனா போன்னு சொல்ல வாய் வரலீங்க. பூக்கேட்டுப் பார்க்கலாமுங்க” என்றார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பிள்ளை தாயோடு போகும். சிவப்பு வந்தால் எங்களோடு இருக்கும். தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால் அம்மாதான் பொட்டலம் கட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு. “வாரனுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். இன்னொரு பொட்டலத்தை அம்மா பிரிக்காமலே கிணற்றில் போட்டார்.

அன்றிலிருந்து அஞ்சாங்கல் சத்தம் நின்றுவிட்டது. கேட்டால், “பெரிய புள்ளையாயிட்டா, இன்னும் வெளையாடிட்டே இருப்பாளா?” என்பார் அம்மா. அதற்குப் பிறகு அவளுக்குப் பாவாடை எடுக்கவில்லை, தட்டு மட்டும் தினமும் வைத்தார். பருக்கை குறையாத தட்டைக் கழுவி வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். மனக்குறை என்று எதையும் அவர் எங்களிடம் சொன்னதில்லை.

வயிற்றில் கட்டி வந்து படுத்தபோது பின்கட்டு அறையில்தான் படுப்பேன் என்றார். போவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளிதான் கண்ணு வெச்சேன். பெத்தவகிட்டப் பொய் பண்ணிப்போட்டேன். நீ போய்ச் சொல்லிப்போடு.”

காரியம் முடிந்த மறுவாரம் அக்காவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வால்பாறை பஸ் ஏறினோம். அந்த அம்மாள் மகன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது. காலில் விழுந்து உண்மையைச் சொன்னேன்.

“தெரியுமுங்க அம்மணி” என்றார். “அன்னைக்கு நான் பஸ்ஸுல ஏறுனப்ப, எனக்கு முன்னாலயே அவ ஏறி சன்னலோரமா உக்காந்திருந்தா. பூவுல ஏதோ பண்ணிட்டாங்கன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.”

அக்கா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் திறந்து, மேலே இருந்த பாவாடையைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

“இது அவளுக்குப் பத்தாதுங்க” என்றார்.

பூக்கேட்ட நாளிலிருந்து அம்மா கண்ணை மூடும்வரை ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் பின்கட்டில் யாரும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பேரத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுகூட ஏமாறாத அம்மா, தினமும் காலி அறைக்குச் சோறு வைத்துவிட்டு எங்களிடம் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகை அடங்கவில்லை. ஏன் வந்து சொல்லவில்லை என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

“ஒருக்கா கெளம்புனனுங்க, பாதி வழி வந்துட்டேன். எம்புள்ளைக்கு அத்தனை வருசம் சோறு போட்ட பொம்பளைங்க. உங்கூட்டுல அவ இல்லைன்னு நான் எந்த வாயில சொல்றது?”

அம்மாவின் கடைசி நாட்களில் வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் துணை இருந்த பக்கத்து வீட்டாருக்கும், பாடை தூக்கிய அப்பாவின் மில் நண்பர்களுக்கும், நேரில் வந்தும் கடிதம் எழுதியும் ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவின் பொய்யைத் தெரிந்துகொண்டும், அவர் மூச்சு இருந்தவரை தெரியாதவர்போலவே மலைமேல் இருந்துவிட்ட அந்த அம்மாளுக்கு, மகள்கள் நாங்கள் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.