ஒரு தலை குறையுது டீச்சர்

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். படியேறியதும் குப்பென்று பினாயில் வாசனை. பல்வலி போன இடம் தெரியவில்லை. கை தானாகப் பைக்குள் நுழைந்து பாடக்குறிப்பு நோட்டைத் தேடுகிறது! ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தும் எனக்கு இந்த வியாதி போகவில்லை. பினாயில் என்றால் இன்ஸ்பெக்ஷன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும்தான் அந்த வாசனை வரும். மற்ற நாளெல்லாம் ஆட்டுப்புழுக்கை வாசனைதான்.

வன்னியம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு அறை, இரண்டு வாத்தியார். ஒன்று நான், இன்னொருவர் தலைமையாசிரியர். ஊரே அவரைப் ‘பெரிய சார்’ என்று கூப்பிடும், ஆள் என்னவோ என் தோளுயரம்தான். ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருத்தெருவாகப் பிள்ளைகளைப் பொறுக்குவார். “ஏலே, பல்லு வெளக்குனது போதும். ஆளு வந்து சேரு!” என்று வாசலில் நின்று சத்தம் போடுவார்.

பெரிய சாரிடம் ஒரு பீரோ உண்டு. அரசாங்கம் கொடுத்த பூகோள உருண்டை அதற்குள் இருந்தது. பிள்ளைகள் தொட்டால் தேய்ந்துபோகுமாம்! சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு உலகம் உருண்டை என்பது, சாமி இருக்கிறது என்பது மாதிரி, பெரியவர்கள் சொன்னதால் நம்பிய விஷயம். சரி, கதைக்கு வருகிறேன்.

ஊருக்குள் மஞ்சள் வேன் வர ஆரம்பித்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன். ஒவ்வொரு ஜூனிலும் டை கட்டிக்கொண்டு நாலைந்து பிள்ளைகள் அதில் ஏறிப் போனார்கள். தலை குறைந்தால் இரண்டாவது வாத்தியார் ‘உபரி’. உபரி என்றால் நான். மாவட்டத்தின் எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம். வீட்டுக்காரர் போலீஸ், எந்த ஊர் பந்தோபஸ்தில் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் சின்ன மகள். பெரிய சார் முன்னால் நின்று கண்ணைக் கசக்கிவிட்டேன்.

“அழுவாதிய டீச்சர். தலைய நான் பாத்துக்கிடுதேன்.”

எப்படிப் பார்த்தார் என்கிறீர்கள்? பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரும் இதே கஷ்டத்தில் இருந்தார். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு இவர் பிள்ளைகளை அவர் வாங்கிக்கொள்வது, அவர் பிள்ளைகளை இவர் வாங்கிக்கொள்வது. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொடுத்து வாங்குகிற மாதிரி இரண்டு வருடம் ஓடியது. மூன்றாவது வருடம் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். காலையில் எங்கள் பள்ளி, மதியம் அந்தப் பள்ளி.

காலையில் இரவல் பிள்ளைகளுக்கு நானே தலைவாரி, புதுப் பேர் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்தேன். அதிகாரி எண்ணினார், சந்தோஷப்பட்டார், டீ குடிக்க உட்கார்ந்தார். கொல்லைப்பக்கமாகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டோம், எங்கள் பிள்ளைகள் ஏழெட்டு பேரையும் சேர்த்து. ஓட்டமும் நடையுமாகக் கண்மாய்க்கரையில் போயிருக்கிறார்கள். நல்ல மனுஷன் அந்த அதிகாரி. வெயிலில் பிள்ளைகள் வேகிறதே என்று ஜீப்பை நிறுத்தினார்.

“எங்கப்பா போறீங்க?”

“அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சார். நீங்க வாரதுக்குள்ள போயிரணும்னு பெரிய சார் சொன்னாவ.”

சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது. பெரிய சார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். “டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது சார். அம்புட்டும் என் வேல” என்றார். சீப்பு என் கைப்பையில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்குள் நிஜத் தலையைக் காட்டச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒங்க மக எங்க டீச்சர் படிக்கா?”

என் மகளும் டை கட்டி மஞ்சள் வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். பெரிய சார் பேத்தி ராஜபாளையத்தில் அப்படியே.

“நல்ல பள்ளிக்கூடம் எதுன்னு ஒங்களுக்கே தெரியுதுல்லா? பொறவு எங்கிட்ட எதுக்கு வாரிய?” என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் பெரிய சார் பதிவேட்டை மூடினார். “ஒரு தலை குறையுது டீச்சர்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன கேட்கிறார் என்று தெரியாமல் இல்லை. நான் திரும்பிக் கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். டை, ஷூ, தண்ணீர் பாட்டில் சகிதம்.

“மருமக பேச்ச நிறுத்திட்டா. சோறு மட்டும் வருது” என்றார்.

அதிகாரி வந்து எண்ணினார். தலை சரியாக இருந்தது. என் இடம் பிழைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பேத்தி மூக்கைப் பொத்தினாள், கக்கூஸுக்குக் கதவு வந்தது. தாகம் என்றாள், தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. ‘தாத்தா, குளோப் எங்க?’ என்று கேட்டாள், பீரோ திறந்தது! அத்தனை பிள்ளைகளும் மொய்த்துக்கொண்டு உலகத்தைச் சுற்றினார்கள். அது தேயவில்லை. இருபது வருட இன்ஸ்பெக்ஷனால் ஆகாதது ஒரு பேத்தியால் ஒரு மாதத்தில் ஆனது. என் மகளும் வந்திருந்தால் இன்னும் என்னென்ன வந்திருக்குமோ.

பெரிய சார் ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் பிறந்தால் அவரிடமிருந்து போன் வரும். “எம்புட்டு தலை டீச்சர்?” என்பார், நலம்கூட விசாரிக்க மாட்டார். அந்தக் குரல் போய்விட்டது. தலை இல்லாமல் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் திறக்கிறார்கள், அன்றைக்கு மட்டும் பினாயில் போடுகிறார்கள்.

என் மகளைச் சேர்க்கலாமா என்று அவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. குறைந்த தலை என் வீட்டில்தான் இருந்தது சார்.