இரணைமடுவில் நான் வைத்த மீன்கறி

குருநகரில் மரியரட்ணம் என்று என் பெயரைச் சொன்னால், "ஆர், அந்த வள்ளத்துச் சமையல்காரனோ?" என்று கேட்பார்கள். முப்பது வருடம் கடலுக்குப் போனதில் நான் பிடித்த மீனைவிட, மற்றவர்கள் பிடித்ததைக் கறியாக்கியதுதான் அதிகம். அதுவும் ஒரு பேர்தானே என்று தலை கனத்துத் திரிந்தேன், எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போகும்வரை.

அந்தமுறை ஒரு லொறி பிடித்தோம். மேலே படங்கு, கீழே வைக்கோலும் பாயும். பானை, சட்டி, விறகு எல்லாம் ஏற்றியாயிற்று. நாலு நாளைக்கு அதுதான் வீடு. எங்களோடு செபஸ்தியம்மாவும் மகனும் வந்தார்கள். என் மகள் அற்புதராணியை அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசி இரண்டு மாதம். தாய்மனுசி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தப் பயணத்துக்குள் அந்த ஓம் வந்துவிட வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். மாதாவுக்கு உதவியாக என் மீன்கறியும் இருந்தது.

புறப்படும்போது மனைவி மார்கிரட் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உப்புப் போத்தல் எடுக்கட்டோ?"

"என்னத்துக்கு? தண்ணிக் கரையிலதானே சமைக்கப்போறம்."

வள்ளத்தில் நாங்கள் உப்புக் கொண்டுபோவதில்லை. கடலில் ஒரு சிரட்டை மொண்டு ஊற்றினால் கறிக்கு அளவாயிருக்கும்.

மத்தியானம் இரணைமடுக் குளக்கட்டில் லொறி நின்றது. முன்பெல்லாம் பஸ்ஸில் நித்திரையாகவே கடந்துபோன பக்கம் அது. அக்கரை சரியாகத் தெரியவில்லை. காற்றுக்கு அலைகூட அடித்தது. தண்ணீர் திறந்துவிடும் வான்கதவுகளை வாய்பிளந்து பார்த்துவிட்டு, அடுப்பை மூட்டி, கொண்டுவந்த விளைமீனைப் போட்டேன். பிறகு சிரட்டையோடு இறங்கி மொண்டுவந்து ஊற்றினேன்.

குளத்துத் தண்ணீர் நன்னீர் என்று எனக்குத் தெரியாமலில்லை. அஞ்சாம் வகுப்புவரை படித்தவன். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ருசி பார்த்தேன். சப்பென்றிருந்தது. இன்னுமொரு சிரட்டை ஊற்றினேன். மூன்றாவதுக்கு இறங்கும்போது சாரதி சூசைதாசன் குளக்கட்டில் இருந்தபடி சொன்னான்:

"அண்ணை, குளத்தை முழுக்க ஊத்தினாலும் உப்புக் கரிக்காது."

கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கச் சொன்ன தாயே, எனக்கு அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் உப்பாக்கினால் போதும் என்று மன்றாடினேன். அதற்குள் செபஸ்தியம்மா வந்து, அகப்பையால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"மரியரட்ணம் அண்ணை, உங்கடை உப்பைத் திண்டா நாங்கள் ஓம் எண்டு சொல்லவேண்டி வருமெண்டு பயந்தனீங்களோ?"

லொறியே சிரித்தது. என் மகள் படங்குக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"இல்லையக்கா," என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "கடலெண்டு நினைச்சிட்டன்."

மனுசி குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தன் மூட்டையை அவிழ்த்து நாலு துண்டு கட்டாக் கருவாட்டைக் கறிக்குள் போட்டார்.

எல்லோரும் விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள். கருவாட்டைப் புகழ்ந்தார்கள். என் கைப்பக்குவத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கை கழுவும்போது செபஸ்தியம்மா மார்கிரட்டிடம் சொன்னார்: "உப்பை இனி நாங்கள் கொண்டாறம். பெட்டையை நீங்கள் தாங்கோ. ஆனா ஒண்டு, கலியாணத்துக்கு இந்த மனுசனை அடுப்படியில விடாதேங்கோ."

மடுவில் மெழுகுதிரியோடு ஒரு கொத்து உப்பும் அளந்து வைத்து நேர்த்தியை முடித்தேன். கலியாணத்தன்று எனக்குக் கிடைத்த வேலை, பந்தியில் தண்ணீர் வார்ப்பது.