மாடி அறை ஆட்களும் மூன்று ஃபண்டுகளும்

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அன்புச்செல்வியின் வீடு இருக்கிறது. மாடியில் நான்கு அறைகள். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எந்த நாடு என்று கேட்டுக்கொண்டால் போதும், எவ்வளவு அட்வான்ஸ் வாங்குவது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஜப்பான் என்றால் அட்வான்ஸே வேண்டாம். போகிற அன்றைக்குக் குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாவியை நீட்டுவார்கள். ஜெர்மனி என்றால் ஒரு மாதம். பிரான்ஸ் என்றால் ஒரு மாதமும், தீய்க்கப்போகும் பாத்திரத்துக்குத் தனியாகவும். அமெரிக்கா என்றால் இரண்டு மாதம். ஏசியைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், கரண்ட் பில்லை யார் கட்டுவது?

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தத் தை மாதம் பெரிய குழப்பத்தில் போய் மாட்டினாள்.

அடி அண்ணாமலையில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் அவள் பங்காகப் பத்து லட்சம் வந்திருந்தது. மகள் சினேகா வேலூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். முடித்ததும் ஜெர்மனியில் மேல்படிப்பு என்று ஒரே பிடியாக இருக்கிறாள். அங்கே கிளம்புவதற்கு முன்பே ஒரு வருடச் செலவை மொத்தமாக ஒரு கணக்கில் கட்டிக் காட்டினால்தான் விசா. அதற்கு இந்தப் பத்து லட்சத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

கணவன் புகழேந்திக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. ஆபீஸுக்குப் பக்கத்தில் மனை பிரித்து எங்கே கல் நட்டாலும் வாங்க அவனுக்குக் கை பரபரக்கும்.

"பேங்க்ல பணத்தைத் தூங்க வுட்டுட்டு இன்னா யோசிக்கிற?" என்றான். "திங்கக்கிழமை மனைக்கு அட்வான்ஸ் குடுத்தாகணும். வேற எங்கனா போடறதா இருந்தா அதுக்குள்ள சொல்லிடு."

"ஏற்கெனவே வாங்கின மனையில முள்ளு மொளைச்சி நிக்குது. அவ கிளம்பற நேரத்துல இதை எவன் வாங்குவான்?"

"மனை எங்கயும் ஓடிடாது அன்பு."

"அதாங்க பிரச்சனை. ஓடவும் மாட்டேங்குது, விக்கவும் மாட்டேங்குது."

சினேகாவிடம் போனில் சொன்னதற்கு அவள் வேறொன்றைக் கிளப்பினாள். "நான் காலேஜ் சேர்ந்தப்ப யூரோ தொண்ணூறு ரூபாம்மா. இப்ப நூறைத் தாண்டிடுச்சு. நம்ம பணமும் வெளிநாட்டுக் கம்பெனில இருந்தா அது கூடவே ஏறும். இன்டர்நேஷனல் ஃபண்டுன்னு இருக்குது. மூணு அனுப்பறேன், பாத்து ஒண்ணை எடு."

எடு என்றால் கத்திரிக்காயா? போனில் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாகத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் ஃபண்டு. ஒன்று ஜப்பான். மூன்றாவதன் பெயரிலேயே உலகம் என்று இருந்தது.

சாப்பாட்டு மேசையில் மூன்றையும் பரப்பினாள். மூன்றிலும் ஒரு கோடு கோணல்மாணலாக மேலே ஏறியது. போன ஒரு வருடத்தைப் பார்த்தால் ஜப்பான் முதலில் நின்றது. ஐந்து வருடத்தைப் பார்த்தால் அமெரிக்கா. உலகம் இரண்டிலும் நடுவில் நின்றது. அப்படியென்றால் எத்தனை வருடத்தைப் பார்ப்பது? செலவு என்று ஒரு வரி இருந்தது. நம் பணத்தைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வருடாவருடம் எடுத்துக்கொள்வது. அதில் உலகம்தான் கம்மி. அட, என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கீழே பார்த்தால், இது வெளிநாட்டில் இன்னொரு ஃபண்டை வாங்கும் ஃபண்டு, அந்த இன்னொன்றின் செலவு தனி என்று போட்டிருந்தது. வாடகை கம்மி என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குத் தனியாக வாங்குகிற மாதிரி. இந்த வேலையை அவளே செய்திருக்கிறாள்.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே போனாள். பாத்ரூம் கழுவிவிட்டுப் போகிறவர்கள் பணத்தையும் ஒழுங்காகத்தானே வைத்திருப்பார்கள்? ஜப்பான் தாளை மேலே எடுத்து வைத்தாள். அப்போதுதான் மூலையில் கடிகாரம் போல ஒரு படம் கண்ணில் பட்டது. ரிஸ்க் எவ்வளவு என்று காட்டும் முள், சிவப்பின் கடைசியில் போய் நின்றிருந்தது. பதறிப்போய் அமெரிக்காவை எடுத்தாள். அதிலும் அங்கேயேதான். உலகத்திலும்.

மகளைக் கூப்பிட்டாள். "ஏண்டி, மூணுலயும் முள்ளு ஒரே இடத்துல நிக்குது. அப்புறம் எதை வெச்சுப் பிரிச்சுப் பாக்கறது? உலகம்னு போட்டுட்டு நூத்துக்கு எழுபது அமெரிக்கான்றான்?"

"பெரிய கம்பெனிங்க அங்கதாம்மா ஜாஸ்தி."

"மீதி உலகம்?"

"மீதி முப்பதுல."

"நம்ம ஊரு?"

"அதுல நம்ம ஊரு கிடையாதும்மா."

"உலகத்துல நம்ம ஊரே கிடையாதாடி?"

"அம்மா, எனக்கு லேப் இருக்குது," என்று சினேகா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குக் காப்பி கொண்டுபோனபோது வுல்ஃப் சாரிடம் கேட்டாள். ஜெர்மனியில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஒவ்வொரு குளிர்காலமும் அதே அறைக்கு வருகிறவர். அவளுடைய இங்கிலீஷும் அவருடைய தமிழும் சேர்ந்தால் எப்படியோ பேச்சு ஓடிவிடும்.

"சார், உங்க ஊரு கம்பெனியில பணம் போட்டா நல்லதா?"

அவர் யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? என் பணத்தில் கொஞ்சம் இந்தியாவில் இருக்கிறது. இந்தியா ஃபண்டு."

"ஏன் சார் இந்தியா?"

"உங்கள் வீட்டைப் பார்த்துத்தான்," என்றார் அவர், பெருமையாக. "விடியற்காலையில் மோட்டார் ஓடும். காப்பி நேரத்துக்கு வரும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் இருட்டில் உட்கார்ந்ததில்லை. இந்த நாடு முன்னுக்கு வரும் என்று நினைத்தேன்."

அன்புச்செல்வியின் கண் தானாக மேலே தளத்துக்குப் போனது. விடியற்காலையில் மோட்டார் ஓடுவது குழாயில் அப்போது மட்டும்தான் தண்ணீர் வருவதால். இருட்டில் உட்காராதது இன்வெர்ட்டரால். கீழே தாங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மாடிக்கு மட்டும் அதில் இணைப்பு கொடுத்திருக்கிறாள். அவர் கட்டிலுக்கு நேர் மேலே தளம் ஒழுகியதற்கு அவர் வருவதற்கு முந்தின வாரம்தான் பூசி வெள்ளையடித்திருந்தாள். இவள் ஒருத்தியைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷன் ஒரு தேசத்துக்கே பணம் போட்டிருக்கிறாரே!

"கொஞ்சமாத்தானே சார் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கி வந்து ஜப்பான் தாளைத் திருப்பிப் பார்த்தாள். கார் கம்பெனி, வங்கி, மருந்து கம்பெனி. அவர்களில் யாரும் அவள் மாடியில் தங்கியதில்லை.

திங்கட்கிழமை காலை, புகழேந்தி ஆபீஸ் கிளம்புவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் துணிக்கடை மாடியில் சைஃபுல்லாவின் சின்ன ஆபீஸ். ஃபண்டு விற்கிற ஏஜென்ட், புகழேந்தியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

தாள்களை அவர் முன் வைத்தாள். "பாய், இதுல ஒண்ணைச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். எனக்குத் தலையே சுத்துது."

"உலகத்தைத் தவிர மத்த ரெண்டுலயும் இப்போதைக்குப் பணம் வாங்க மாட்டாங்க அண்ணி. வெளிநாட்டுல போடறதுக்கு ஒரு அளவு இருக்குது. முடிஞ்சா கதவைச் சாத்திடுவாங்க. அது கிடக்கட்டும். பணம் எப்ப வேணும்?"

"பாப்பா படிப்பு முடிஞ்சதும். ரெண்டு வருஷம், ரெண்டரை."

சைஃபுல்லா பேனாவை மூடிவிட்டார். "அப்ப எதுலயும் போடாதீங்க."

"யூரோ ஏறுதே?"

"ஏறட்டும். நீங்க எடுக்கப் போற வருஷம் பாத்து கம்பெனிங்க விலை கால் பங்கு விழுந்துச்சுன்னா? யூரோ ஏறி இன்னா பண்றது? விழுந்தா எழுந்துக்கும், நாலஞ்சு வருஷம் ஆவும். விசா ஆபீஸ்ல அதுவரைக்கும் உக்காந்திருப்பாங்களா?"

"இதுல உங்களுக்குக் கமிஷன் வரும்தானே? ஏன் வேணாம்ன்றீங்க?"

"விழுந்தா நீங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்க. பின்னாடியே புகழும் வந்து நிப்பான். ரெண்டு பேருக்கும் பிரியாணி போட்டு அனுப்பற செலவு கமிஷனை விட ஜாஸ்தி அண்ணி."

அவள் சிரித்துவிட்டாள். நாலு நாளாக எது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பிறகு உலகம் என்ற தாளை மட்டும் மறுபடி நகர்த்தினாள். மூன்றில் கதவு சாத்தாதது அது. வாடகை வருகிற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போடலாமா, சினேகாவுக்காக இல்லாமல், தனக்கென்று, பத்து வருடத்துக்குத் தொடாமல்? போடலாம் என்றார் சைஃபுல்லா. எழுபது பங்கு அமெரிக்கா என்பது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

மதியமே போன் வந்தது.

"இன்னா, எந்த நாட்டுல போட்ட?" என்றான் புகழேந்தி.

"நம்ம நாட்டு போஸ்ட் ஆபீஸ்ல. ரெண்டு வருஷ டெபாசிட். பத்து லட்சமும்."

"இதுக்கா நாலு நாளு தாளைப் பரப்பி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்த? அதுக்கு மனையே…"

"மனைக்காரர்கிட்ட இல்லன்னு சொல்லிடுங்க."

அவன் போனை வைத்துவிட்டான். அன்றைக்கு அட்வான்ஸ் கேட்டு மனைக்காரர் வீட்டுக்கு வரவில்லை, ஆகவே சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொண்டாள்.

ஆனால் யூரோ அவளை விடவில்லை. டெபாசிட் வட்டி ஒரு பக்கம் ஏறும், யூரோ ஒரு பக்கம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு துண்டு விழும் என்று சைஃபுல்லாவாலும் சொல்ல முடியவில்லை. அந்தத் துண்டை அவள்தான் ஈடுகட்ட வேண்டும். சாயங்காலம் புகழேந்தி வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் ஹால் நடுவில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, இங்க குறுக்கால ஒரு தடுப்பு வெச்சா வாடகைக்கு விட இன்னொரு ரூம் வரும் இல்ல?"

அவன் ஹாலைப் பார்த்தான். "டிவி எங்க வைக்கறது?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.