ஹரிதாஸ் வீட்டு நம்பர்

கோலாலம்பூரை விட்டுக் கிளம்பியபோது ஹரிதாஸுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரை விட்டுப் போகிறவன் முகத்தில் ஒரு பரபரப்பாவது இருக்கும். இவனிடம் அதுகூட இல்லை. பதினெட்டு வருஷம் செந்தூலில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, முதலில் ஈய எழுத்துகளோடும் பிறகு கணினியோடும் மாரடித்தவன். முதுகு போயிற்று, கண் பாதி போயிற்று. மிச்சம் இருந்ததை வீட்டு வாடகை தின்றது. மூன்றாவது தடவையாக வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர், முடியாது என்றால் காலி செய்துகொள்ளலாம் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திய கையோடு ஹரிதாஸ் மனைவியிடம், "நிர்மலா, போயிரலாம்" என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவளும் களைத்திருந்தாள்.

மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம் புதிதாக ஒரு தாமான், வீட்டுமனைக் குடியிருப்பு, எழும்பியிருந்தது. மலிவு விலை வீடுகள். செந்தூலில் கொடுத்த வாடகையில் பாதிகூட இல்லை. பக்கத்திலேயே தொழிற்சாலைகள் இருந்ததால் நிர்மலாதேவிக்கு வேலை கிடைப்பது நிச்சயம். ஹரிதாஸின் பிழைப்புதான் கேள்வி. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை தமிழ் எழுத்துக் கோப்பது. அந்த வேலை கோலாலம்பூரில் இருந்தது.

அவன் முதலாளி சாமிநாதன், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல்கள் போடுகிறவர். ஹரிதாஸ் அவரிடம் போய் நின்றான். கணினியை நான் எடுத்துப் போகிறேன். அடித்த பக்கங்களை டிஸ்கெட்டில் போட்டு மலாக்கா பஸ் டிரைவரிடம் கொடுத்து விடுகிறேன், புடுராயா பஸ் நிலையத்தில் ஆளை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தங்களை ஃபேக்ஸில் அனுப்புங்கள். இப்படி அவன் வாழ்க்கையில் மொத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். தொண்ணூற்று ஆறாம் வருஷம் அது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொன்னவனை மேலும் கீழும் பார்க்கிற காலம். சாமிநாதனும் அப்படிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாரு ஹரி, நீ காட்டுல போயி உக்காரு, கடல்ல போயி உக்காரு, எனக்கு ஒண்ணும் இல்ல லா. ஆனா நான் ஃபேக்ஸ் அடிச்சா போகணும். லைன் கெடைக்கலேன்னு வச்சுக்க, அன்னையோட சரி."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். இவ்வளவு சுலபமான நிபந்தனையா என்றுகூடத் தோன்றியது.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் நிர்மலா தொழிற்சாலை பஸ் ஏறிப் போன பிறகு, கைலியும் பனியனுமாகக் கணினி முன்னால் உட்காருவான். மின்விசிறி சுற்றும். யாரும் பின்னால் வந்து நின்று மேற்பார்வை பார்ப்பதில்லை. மனிதன் இப்படியும் வேலை பார்க்கலாம் என்று நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டான்.

ஆனால் பகலில் கைலியோடு வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளையைத் தாமான் வேறு மாதிரி பார்த்தது. எதிர்வீட்டுப் பிச்சைமுத்து ரொம்ப நல்ல மனிதர். ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, "எங்க ஃபேக்டரி கேட்டுல நிக்கிற கார்டு வேலைக்கு ஆள் எடுக்குறாங்க ஹரி. மனுப் பாரம் வாங்கியாரட்டுமா?" என்றார். "எனக்கு வேல இருக்குண்ணே" என்றான் ஹரிதாஸ். "இருக்கும் இருக்கும்" என்று அவர் பரிதாபமாகச் சிரித்தார். அதற்கு மேல் விளக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

வினை வேறு வழியாக வந்தது. அந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். போனுக்கு மனுப் போட்டவர்கள் எல்லாரும் காத்திருக்க, முதலாளி கொடுத்த கடிதத்தின் புண்ணியத்தில் ஹரிதாஸ் வீட்டுக்கு மட்டும் இணைப்பு வந்திருந்தது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி. வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு கணவன் காளிமுத்துவோடு இங்கே வந்தவள். அறுபதை நெருங்கும் வயது. ஜொகூரில் கட்டிக்கொடுத்த மகளோடு ஒரு நிமிஷம் பேசவேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதுக்கென்னக்கா, பேசுங்க" என்றான். மறுநாள் காலை ஒரு தட்டில் தோசையும் நெத்திலிச் சம்பலும் வந்தன. "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஒரு நிமிஷம் வரிசை முழுக்கப் பரவியது. இன்ன வீட்டு மருமகனுக்கு வேலை கிடைத்ததா, இன்னார் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டதா, எல்லாம் ஹரிதாஸ் வீட்டுக்குத்தான் வந்தது. அவன் எழுந்து போய் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவர் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்வதற்குள் பத்து நிமிஷம். கடைசி வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. பத்திரிகையைப் பார்த்தால், தொடர்புக்கு என்று போட்டு இவன் நம்பர்! மாப்பிள்ளை யார் என்றே அவனுக்குத் தெரியாது. யாருக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வந்தார்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவன், அதுவும் சும்மா இருக்கிறவன். காளிமுத்துவை நெஞ்சுச் சளியோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கூடப் போய்ப் பாரம் நிரப்பியவனும் ஹரிதாஸ்தான். நெருங்கிய உறவினரின் தொலைபேசி எண் என்று இருந்த கட்டத்தில், யோசிக்காமல் தன் நம்பரை எழுதினான். வேறு எந்த நம்பர் இருந்தது எழுத?

காளிமுத்துவைச் சேர்த்த நான்காவது நாள் சாமிநாதன் போனில் பிடித்துக்கொண்டார்.

"என்னடா ஹரி, எப்ப அடிச்சாலும் எங்கேஜ்! காலைலேர்ந்து ஏழு தடவ அடிச்சுட்டேன். அங்க என்ன, போன் கடையா வச்சிருக்க?"

"இல்ல சார், பக்கத்து வீட்டுக்காரங்க..."

"எனக்கு அதெல்லாம் வேணாம் லா. ஆறாம் ஆண்டு புத்தகம் இந்த வாரம் அச்சுக்குப் போவணும். இன்னொரு தடவ லைன் கெடைக்கலேன்னா கம்ப்யூட்டரக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிரு. இங்க பிரிக்ஃபீல்ட்ஸ்லேயே ஆளு இருக்கு."

ஹரிதாஸ் போனை வைத்தான். வேலை போனால் கோலாலம்பூருக்குத்தான் திரும்ப வேண்டும். நிர்மலா இங்கே வேலையில் ஊன்றியாயிற்று. இந்த வயதில் அவனை எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அவனுக்குப் பயம் வந்தது. பயந்த மனிதன் செய்வதைச் செய்தான். ஒரு வெள்ளைத்தாளில் 'தொலைபேசி பழுது' என்று பெரிய எழுத்தில் அடித்து, வாசல் கிராதியில் ஒட்டினான். எழுத்து அழகாகவே வந்திருந்தது. யார் அடித்தாலும் நான்கு தடவை மணி அடித்த பிறகு ஃபேக்ஸ் இயந்திரமே எடுத்துக் கத்துகிற மாதிரி அதை மாற்றி வைத்தான்.

பெரியநாயகிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் வந்து நின்றாள்.

"போன் கெட்டுப் போச்சாமே தம்பி?"

"ஆமாக்கா. எப்ப வந்து பாப்பாங்கன்னு தெரியல."

"பரவால்ல தம்பி. நாந்தான் ரெண்டு வேளையும் அவரப் போயிப் பாத்துட்டு வர்றேனே. நீங்க வேலயப் பாருங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு அவள் அவ்வளவு சுலபமாக நம்பியது என்னவோ போலிருந்தது. இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. வரிசையே அமைதியாகிவிட்டது. வேலை ஓடியது.

வியாழக்கிழமை காலை கடைசித் திருத்தங்களுக்காக உட்கார்ந்திருந்தான். பத்து மணி தாண்டி போன் அடித்தது. நான்கு தடவை மணி, பிறகு இயந்திரத்தின் கீச்சல். தாள் வரவில்லை. சாமிநாதன் இல்லை, யாரோ பேசக் கூப்பிடுகிறவர்கள். கடைசி வீட்டுச் சம்பந்தியாக இருக்கும் என்று நினைத்தான். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் வாசலில் போய் யாரையோ கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பொய் உடைந்துபோகும், நாளைக்குப் பழையபடி இருபத்திரண்டு வீடும் வந்து நிற்கும். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது, "இவங்களுக்கெல்லாம் வேற வேலயே கெடையாது" என்று வாய்விட்டே சொன்னான். மணி பதினொன்று ஆவதற்குள் நான்காவது முறையும் அடித்து ஓய்ந்தது.

பதினொன்றரைக்கு முதலாளியின் ஃபேக்ஸ் வந்தது. பதினோரு பக்கம், ஒரு தடங்கல் இல்லாமல் வந்து விழுந்தது. ஹரிதாஸுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. திருத்தி முடித்து, டிஸ்கெட்டைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்து, நிலையத்திலேயே ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீடு திரும்பும்போது மணி நான்கு. பக்கத்து வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிச்சைமுத்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காளிமுத்தண்ணன் போயிட்டாரு ஹரி. பன்னெண்டே காலுக்காம். அக்கா எப்பவும் போல மத்தியான பஸ்ஸுல கஞ்சி கொண்டுக்கிட்டுப் போயிருக்கு. போயிப் பாத்தா முடிஞ்சு அர மணி நேரம் ஆச்சாம். காலைல பத்து மணிலேர்ந்து ஆஸ்பத்திரில போன் அடிச்சிருக்காங்க, ரொம்ப முடியல, சொந்தக்காரங்க ஒடனே வாங்கன்னு. என்னா நம்பரோ, ஏதோ மெஷின் கத்திக்கிட்டே இருந்துச்சாம்."

என்ன நம்பர் என்று ஹரிதாஸுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் அவன் எழுதிய நம்பரில் இருந்த எட்டுகூட நினைவுக்கு வந்தது, கொஞ்சம் சாய்ந்திருந்தது.  பத்து மணிக்கு எடுத்திருந்தால் தானே அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். பதினொன்றுக்கு அவள் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பாள்.

வாசல் கிராதியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெறிந்தான். "லைன் வந்துருச்சு" என்று யாரிடமோ சொன்னான். சாவுச் செய்தியைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தானே சொல்கிறேன் என்று பெரியநாயகிக்கு மகள் எழுதிக் கொடுத்திருந்த கசங்கிய நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சுங்கை ரம்பாயில் தம்பி, ஜொகூரில் மகள், சிரம்பானில் பங்காளிகள் என்று முப்பதுக்கு மேல் நம்பர்கள். ஒவ்வொருவரும் ஐயோ என்பார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்பார்கள். பிறகு தவறாமல் நம் சனங்கள் கேட்கிற அந்தக் கேள்வி வரும்.

"கடைசியா பக்கத்துல யாரு இருந்தா? வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனாங்களா?"

"யாரும் இல்லங்க" என்று முப்பது தடவைக்கு மேல் சொன்னான். ஏன் என்று கேட்டவர்களிடம், "தகவல் போயி சேரல" என்றான். ஜொகூர் மகள் மட்டும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "அம்மாவப் பாத்துக்குங்கண்ணே" என்று அழுதாள்.

மறுநாள் பிரேதம் எடுக்கும்வரை லைன் ஓயவில்லை. சாமிநாதன் எத்தனை தடவை அடித்தாரோ தெரியாது. சனிக்கிழமை பிடித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இந்தப் புத்தகத்துக்குக் கூலி வந்துவிடும், அடுத்ததை வேறு ஆள் பார்க்கிறார், கணினியை மெதுவாகக் கொண்டு வந்தால் போதும் என்றார். ஹரிதாஸ் கெஞ்சவில்லை. நிர்மலா மட்டும், "கார்டு வேல இன்னும் இருக்குமான்னு பிச்சைமுத்தண்ணன்கிட்டக் கேளுங்களேன்" என்றாள்.

கருமாதி முடிந்த மறுநாள் பெரியநாயகி வந்தாள். இரவல் வாங்கிய தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வெறும் நெற்றியோடு நின்றவளை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பதினாறு நாளாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னான்.

"அக்கா, போன் கெட்டுப் போகல. நான் பொய் சொன்னேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில அடிச்சப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எடுக்கல."

அவள் தாம்பாளத்தை மேசையில் வைத்தாள். முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கெட்டுப் போகலேன்னு தெரியும் தம்பி" என்றாள். "நடுச்சுவரு ஒத்தக் கல்லுதானே. மணி அடிக்கிறது, அப்பறம் அது கீச்சுன்னு கத்துறது, எல்லாம் எங்க வீட்டுல கேக்கும். அந்தத் தம்பிக்கும் வேல வெட்டி இருக்கு, நாமதான் ஓயாம தொந்தரவு பண்றோம்னு பேசாம இருந்துட்டேன்."

ஹரிதாஸ் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். 

"அன்னைக்குக் காலைலயும் கேட்டுச்சு. நாலு தடவ. நான் அவருக்குக் கஞ்சி வைக்க அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். பாவம், ஒங்க மொதலாளிதான் கெடந்து அடிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றவள், சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "எனக்குத்தான் அடிக்குதுன்னு தெரியல தம்பி."