செத்த ஹீரோ எழுந்து வரும் சீன்

அப்புக்குட்டி,

இன்று ஏரியில் உன் பாடு. நீ வலை போட வேண்டிய முறை நாள். நான் கரையில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உன் கூட்டாளிகள் வலை பின்னிக்கொண்டே சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எது சூப்பர் சீன், எது மொக்கை சீன் என்று.

"சொம்மா கத்தாத மச்சான். இன்னிக்கு அப்பு பாடுதானே, இப்ப வருவான். அவனையே கேளு" என்றான் செல்வம்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போன மழையில் கவிழ்ந்த படகிலிருந்து உன் உடலைத் தூக்கி வந்தவனே அவன்தான்.

"அம்மா, பழக்கத்துல சொல்லிட்டேன்மா" என்று அழுதான்.

நானே பதில் சொன்னேன். "உயரத்துலர்ந்து வுழுற பஸ்ஸ ஹீரோ பறந்து வந்து தாங்குவான் பாரு, அதான் அவனுக்கு உசுரு. செத்த ஹீரோ அடுத்த படத்துல எழுந்து வந்தா மட்டும் கடுப்பாயிடுவான். 'அப்ப நான் அழுததெல்லாம் இன்னாத்துக்கும்மா'ன்னு கேப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வமும்.

எனக்கு அந்த சீன்தான் பிடிக்கும், அப்பு. நான் அழுததெல்லாம் வீணாகப் போகட்டும்.

எப்போது வருகிறாய்?